நோபிட்டா கோமாவுல இல்ல

உங்க வீட்டுல எட்டுலேர்ந்து பன்னெண்டு வயசுக்குள்ள ஒரு புள்ள இருந்தா இந்த த்ரெட்டைக் கொஞ்சம் பொறுமையா படிங்க. நீளமா இருக்கும். நடுவுல நான் பண்ணின ஒரு தப்பும் வரும்.

முதல்லயே சொல்லிடறேன், நான் நியூராலஜிஸ்ட் கிடையாது. வெறும் எம்.பி.பி.எஸ். திருச்சியில ஒரு அரசு ஆஸ்பத்திரியில டியூட்டி டாக்டர். வீடு ஸ்ரீரங்கம். போன வருஷம் தலைக்காய வார்டுல போஸ்டிங் இருந்தப்ப நடந்தது இது. அந்தக் குடும்பத்துக்கிட்ட கேட்டுட்டுதான் எழுதறேன். ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாத்தியிருக்கேன்.

பத்தொம்பது வயசுப் பையன். சஞ்சீவி நகர் பக்கம் பைபாஸ்ல பைக்கோட விழுந்துட்டான். ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல இருந்துச்சாம். (அதைப் பத்தி இன்னிக்கு திட்டப் போறதில்ல.) கொண்டு வந்தப்ப ஜி.சி.எஸ். 6.

ஜி.சி.எஸ்.னா கிளாஸ்கோ கோமா ஸ்கேல். கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, மொத்தம் 15 மார்க். நீங்களும் நானும் இப்ப 15. ஒண்ணுமே அசையாத ஆளுக்கும் 3 கிடைக்கும், பூஜ்யம் கிடையாது. 8 அல்லது அதுக்குக் கீழ போனா கோமா. கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னெட்னு ரெண்டு டாக்டர்கள் 1974ல எழுதினது. ஸ்கேன் மெஷின் வேணாம், ரத்தம் எடுக்க வேணாம், நைட் டியூட்டியில டார்ச் லைட்டும் ரெண்டு கையும் போதும். அந்த 1974ஐ ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

அம்மா ஸ்ரீரங்கத்துல பூ கட்டி விக்கிறவங்க. அப்பா இல்ல. அவங்க உள்ள வர்ற நேரம் போக மீதி நேரமெல்லாம் வராண்டா பெஞ்சுல ஒரு பாட்டியும் ஒரு சின்னப் பையனும் உக்காந்திருப்பாங்க. பையன் நாலாங்கிளாஸ். கையில யாரோ கொடுத்த போன், அதுல தமிழ் பேசுற டோரேமான். என் அக்கா பையன் புண்ணியத்துல எனக்கும் டோரேமான் நல்லாவே தெரியும்ங்கறதால ஒரு நாள் நைட்டு ரவுண்ட்ஸ் முடிச்சுட்டு அவன் பக்கத்துல உக்காந்தேன்.

"மிஸ், நோபிட்டா நிஜமா கோமாவுல இருக்கான். உங்களுக்குத் தெரியுமா?"

என்னை டாக்டர்னு கூப்பிட மாட்டான், எப்பவும் மிஸ்தான். ஷார்ட்ஸ்ல பார்த்தானாம். நோபிட்டா ஒரு ஆக்சிடென்ட்ல அடிபட்டு ஆஸ்பத்திரி கட்டில்ல கிடக்கிறான், டோரேமான், ஷிசுகா, ஜியான், சுனியோ எல்லாரும் அவன் காணுற கனவு. கடைசி எபிசோட்ல முழிச்சுப் பார்ப்பான், யாருமே இருக்க மாட்டாங்க.

அப்புறம் அவன் கேட்டான். "எங்க அண்ணனும் இப்ப கனவுதான் கண்டுட்டு இருக்கானா மிஸ்?"

மணி ரெண்டு. அன்னிக்கு மட்டும் மூணு ஆக்சிடென்ட் கேஸ். "ஆமாண்டா தங்கம், நல்ல கனவா கண்டுட்டு இருப்பான்"னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டேன். தப்புன்னு தோணல. ஆறுதல் சொன்னதாத்தான் நெனச்சேன்.

அந்தம்மா தினமும் பையன் காது கிட்ட குனிஞ்சு ஏதாவது பேசிட்டே இருப்பாங்க. தெருவுல என்ன நடந்துச்சு, மல்லி என்ன விலை, யார் வந்து விசாரிச்சாங்க, எல்லாம். "கேக்குமா டாக்டரம்மா?"ன்னு என்னைக் கேட்டதே இல்ல. அவங்களே ஒரு தடவை சொன்னாங்க: "நம்ம ரெங்கநாதர் மாதிரிதாம்மா. படுத்துத்தான் இருக்காரு. ஆனா சொல்றது கேக்குதுல்ல?" ஸ்ரீரங்கத்துக்காரங்களுக்கு இது விளக்க வேண்டியதே இல்ல. அறிதுயில்னு ஒரு வார்த்தையே நம்மகிட்ட இருக்கு.

ரெண்டு நாள் கழிச்சு சின்னவனை அஞ்சு நிமிஷம் உள்ள விட்டோம். அம்மா வழக்கம்போல குனிஞ்சு, "எந்திரிப்பா, தம்பி வந்திருக்கான் பாரு"ன்னாங்க. பையன் அம்மா கையைப் பிடிச்சு இழுத்தான். "எழுப்பாதம்மா. எழுப்பினா அவன் கனவுல இருக்கிற எல்லாரும் செத்துருவாங்க. அவன் அங்க நல்லா இருக்கான்னு மிஸ்ஸே சொன்னாங்க."

அந்தம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. கேஸ் ஷீட்டைக் கையில வெச்சுக்கிட்டு நின்னேன்.

அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து, சாப்பிடாம கூட, இந்தக் கோமா கதை எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேட ஆரம்பிச்சேன். ஷார்ட்ஸ் காலத்துச் சரக்கு இல்லீங்க இது. 1980கள்லயே ஜப்பான் பசங்க நடுவுல சுத்தின வதந்தி. இன்டர்நெட் இல்லாமலே வாய் வழியா பரவியிருக்கு. டோரேமானை வரைஞ்சவர் ஹிரோஷி ஃபுஜிமோட்டோ, புனைபெயர் ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ. 1969 கடைசியில ஆரம்பிச்சது, 1996ல அவர் காலமாகற வரைக்கும் நோபிட்டாவைக் கட்டில்ல போட்டு அவர் எந்தக் கதையும் முடிக்கல.

டோரேமான் பேட்டரி தீர்ந்து நின்னுடும், நோபிட்டா வளர்ந்து பெரிய இன்ஜினியராகி அவனே சரி பண்ணுவான்னு இன்னொரு முடிவு சுத்துதே, அதுவும் அவர் எழுதினதில்ல. ரசிகர்கள் கட்டின கதை. அதை ஒரு ரசிகர் அச்சு அசலா அதே ஸ்டைல்ல காமிக்ஸா வரைஞ்சு வித்து, பதிப்பகம் தலையிட்டு, 2007ல அவர் மன்னிப்புக் கேட்டு முடிஞ்சது. கதை என்னவோ நல்ல கதை. எனக்கே கண்ணு கலங்குச்சு.

நம்ம ஊர் வாட்ஸ்அப்ல ஓடுற மத்ததையும் சொல்லிடறேன். 'நோபிட்டாவுக்கு ஸ்கிசோஃப்ரீனியா' - பதிமூணு வயசுக்கு முன்னாடி அந்த நோய் வர்றது ரொம்ப ரொம்ப அபூர்வம், வந்தாலும் பையிலேர்ந்து பொருள் எடுத்துக் குடுக்கிற நீலப் பூனை மாதிரி அழகா வராது. 'ஷின்சான் செத்துப்போன ஒரு பையன், அவங்கம்மா அழுதுகிட்டே வரைஞ்சது' - ஷின்சானை வரைஞ்சவர் யோஷிட்டோ உசுய்ங்கற ஆம்பளை, 1990ல ஒரு வாரப் பத்திரிகையில ஆரம்பிச்ச காமெடி தொடர். கார்ட்டூன் பார்த்து நிஜமாவே ஆஸ்பத்திரி நிரம்பினது ஒரே தடவை. 1997 டிசம்பர் 16, ஜப்பான்ல போக்கிமான் எபிசோட் ஒண்ணுல சிவப்பும் நீலமும் செகண்டுக்கு 12 தடவை மாறி மாறி வெட்டுச்சு, வலிப்பும் மயக்கமுமா அறுநூறு பேருக்கு மேல ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. அதுல மறைபொருள் எதுவும் இல்ல, எல்லாரும் பார்க்கத்தான் நடந்துச்சு.

பசங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஸ்ரீரங்கத்துல வளர்ந்த யாரா இருந்தாலும் தாயார் சந்நிதி பக்கம் ஐந்து குழி மூன்று வாசல்ல அஞ்சு விரலையும் வெச்சு எட்டிப் பார்த்திருப்போம். அஞ்சுன்னா என்ன, மூணுன்னா என்னன்னு பெரியவங்க ஒரு அர்த்தம் சொல்வாங்க, பக்கத்துல நிக்கிற மாமி இன்னொண்ணு சொல்வாங்க. சும்மா ஒரு குழியை சும்மா ஒரு குழின்னு விட நமக்கு மனசு வராது. ஆனா குழிக்கு அர்த்தம் சொன்னா யாருக்கும் நஷ்டமில்ல. இங்க ஒரு சின்னப் பையன் அண்ணனை எழுப்பாதேன்னு அம்மா கையைப் பிடிச்சு இழுக்கிறான்.

மருத்துவப்படி பார்த்தாலும் அந்தத் தியரி நிக்காது. கோமாவுல தூக்கம், விழிப்புங்கற சுழற்சியே இருக்காது. கண்ணு திறக்காது. நாம கனவு காணுறது தூக்கத்துக்குள்ள வர்ற ஒரு கட்டத்துல, பெரும்பாலும் ரெம்ங்கற நிலையில. கோமா தூக்கமே இல்ல. சினிமாவுல காட்டுற மாதிரி வருஷக்கணக்காவும் கோமா நீடிக்காது. ரெண்டு, நாலு வாரத்துக்குள்ள பெரும்பாலும் ஒரு முடிவு தெரியும்: மெல்ல மீண்டு வரலாம், இறந்து போகலாம், இல்ல கண்ணு மட்டும் திறந்து சுத்தி நடக்கிறது எதுவும் புரியாத நிலைக்குப் போகலாம். அந்த மூணாவதுலயும் எல்லாம் அணைஞ்சு போச்சுன்னு சட்டுன்னு சொல்லிட முடியாது. 2006ல ஏட்ரியன் ஓவன் குழு அப்படி ஒரு நிலையில இருந்த பொண்ணை ஸ்கேன்ல படுக்க வெச்சு, டென்னிஸ் ஆடுற மாதிரி நெனச்சுக்கோன்னு சொன்னப்ப, நல்லா இருக்கிறவங்க மூளை எப்படி வேலை செய்யுமோ அதே இடம் வேலை செஞ்சது. அதனாலதான் வார்டுல நாங்க சொல்றது: பேசுங்க, பேர் சொல்லிக் கூப்பிடுங்க. பூக்கார அம்மா யாரும் சொல்லாமலே அதைத்தான் செஞ்சுக்கிட்டு இருந்தாங்க.

சரி, இதை ஒரு நாலாங்கிளாஸ் பையனுக்கு எப்படிச் சொல்றது?

மறுநாள் அவன் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கிட்டான். நான் கேட்டேன், "டோரேமான் எவ்வளவு உயரம்னு தெரியுமா?" தெரியலை. 129.3 சென்டிமீட்டர். எடையும் 129.3 கிலோ. (பி.எம்.ஐ. 77 வருது. எங்க ஓ.பி.க்கு வந்தா விட மாட்டோம்.) பொறந்த தேதி 2112 செப்டம்பர் 3, அதுலயும் 12, 9, 3. ஏன் 129.3? அந்தக் காலத்து ஜப்பான்ல நாலாங்கிளாஸ் புள்ளைங்களோட சராசரி உயரம் அது. நோபிட்டாவை டோரேமான் குனிஞ்சு பார்க்கக் கூடாது, நேருக்கு நேரா நின்னு பேசணும்னு அப்படி வெச்சிருக்காங்க. இப்படி ஒரு விவரம் கிடைக்கும்னா நான் எவ்வளவு வேணாலும் தோண்டத் தயார்.

வார்டு சுவத்துல இருக்கிற ஸ்கேல்ல அவனை நிக்க வெச்சேன். 127. "இன்னும் ரெண்டு சொச்சம்டா"ன்னேன். லேசா சிரிச்சான்.

அப்புறம் சொன்னேன். "அன்னிக்கு நான் தப்பா சொல்லிட்டேன். அண்ணன் கனவு காணல. மூளையில அடிபட்டு வீங்கியிருக்கு. அவன் எங்கயும் போகல, எந்தக் கனவு ஊர்லயும் இல்ல, இந்தக் கட்டில்லதான் இருக்கான். எழுப்பினா யாரும் சாக மாட்டாங்க. எந்திரிப்பானான்னு இன்னும் கொஞ்ச நாள் போனாத்தான் சொல்ல முடியும்."

ரொம்ப நேரம் பேசல. "அப்ப நோபிட்டா?"ன்னு கேட்டான்.

1974க்கு வர்றேன். டோரேமான் வந்த பத்திரிகைகள் வகுப்பு வாரியா வரும், மூணாங்கிளாஸுக்கு ஒண்ணு, நாலாங்கிளாஸுக்கு ஒண்ணு. 1974 மார்ச் மாசம் மூணாங்கிளாஸ் பத்திரிகையில ஃபுஜிமோட்டோ நிஜமாவே ஒரு விடைபெறும் கதை எழுதினார். டோரேமான் எதிர்காலத்துக்குத் திரும்பிப் போகணும். கடைசி ராத்திரி நோபிட்டா ஜியான் கிட்ட மாட்டிக்கிறான். டோரேமானைக் கூப்பிடல. தானே சமாளிச்சாத்தான் டோரேமான் நிம்மதியா போவான்னு, அடி மேல அடி வாங்கியும் விட மாட்டேங்கறான், கடைசியில ஜியானே அலுத்துப் போய் விட்டுட்டு ஓடறான். டோரேமான் அவனைத் தாங்கி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய், பாயில படுக்க வெச்சு, விடிய விடிய பக்கத்துல உக்காந்திருக்கும். காலையில இருக்காது. (2014ல வந்த ஸ்டாண்ட் பை மீ டோரேமான் படத்துலயும் இது இருக்கு.) அடுத்த மாசம் நாலாங்கிளாஸ் பத்திரிகையில டோரேமான் திரும்ப வந்துடும், அது வேற விஷயம்.

வார்டு வராண்டாவுல விடியக்காலை நாலு மணிக்கு ஒரு நடை நடந்து பாருங்க. அந்தக் கடைசிப் படம்தான் வரிசையா உக்காந்திருக்கும்.

அவன் கதையைக் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். "டோரேமான் தூங்கவே இல்லயா மிஸ்?" இல்லடான்னேன். அன்னிலேர்ந்து உள்ள விட்டா அம்மாவோட சேர்ந்து அவனும் பேச ஆரம்பிச்சான். பெரும்பாலும் ஸ்கூல் புகார்தான்.

பதினேழாவது நாள் பெரியவன் கண்ணைத் திறந்தான். அம்மா ஓடி வந்து என் கையைப் பிடிச்சாங்க. கண்ணு திறந்தா முழிச்சாச்சுன்னு அர்த்தமில்லன்னு அன்னிக்கு விளக்கினது, என் சர்வீஸ்ல கஷ்டமான அரை மணி நேரங்கள்ல ஒண்ணு. அவன் பார்வை யார் மேலயும் நிக்கல. இன்னும் ஒரு வாரம் போச்சு. ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு ஸ்டாஃப் நர்ஸ் டிரெஸ்ஸிங் மாத்தும்போது சும்மா "கையை அமுக்குப்பா"ன்னாங்க, அமுக்கிட்டான். குடும்பத்துல யாரும் அப்ப உள்ள இல்ல. கேஸ் ஷீட்டுல அசைவுக்கு 6னு எழுதினேன். அதுக்கு மேல மார்க் கிடையாது.

எட்டு மாசம் கழிச்சு ரிவ்யூவுக்கு வந்தாங்க. பெரியவனுக்கு வலது கை இன்னும் சரியா வரல, பேச்சு மெதுவா வருது, வார்த்தைக்குத் தேடறான். நடக்கிறான். சின்னவன் ஏற்கெனவே பலமுறை கேட்டதை என் முன்னாடி இன்னொரு தடவை கேட்டான்: "என்ன கனவுடா வந்துச்சு?" அண்ணன் யோசிச்சு யோசிச்சு, "டீ குடிச்சேன்... அவ்வளவுதான்"ன்னான். விழறதுக்கு முன்னாடி ரோட்டோரம் குடிச்ச டீ. அதுக்கப்புறம் ஒரு மாசத்துக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. தம்பிக்குக் கொஞ்சம் ஏமாத்தம்தான்.

போகும்போது ஓ.பி. சுவத்து ஸ்கேலைப் பார்த்துட்டுத் தானா போய் நின்னான். அண்ணன் இடது கையால ஓ.பி. நோட்டை அவன் தலை மேல வெச்சான். நோட்டு சாஞ்சிருந்துச்சு, 133ன்னு காட்டுச்சு. நேரா பிடிச்சு திரும்பப் பார்த்தேன். 130.

"தாண்டிட்டேன் மிஸ்!"