குறி தவறிய தோட்டா

2024இல் வெளிவந்த ‘அமரன்’ படத்தின் காஷ்மீர்ச் சண்டைக் காட்சிகளில் துப்பாக்கிகள் தத்ரூபமாக இருந்தன என்று மாணவர்கள் வியந்தனர். நாமும் வியந்தோம். ஆனால் குறி தவறிய தோட்டாக்கள் எங்கே சென்றன என்று திரை காட்டுவதில்லை. ராணுவத் துப்பாக்கியால் குறிவைப்பது பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்தான். தோட்டாவோ கிலோமீட்டர்க் கணக்கில் பறக்க வல்லது.

நம் மாவட்டம் அதை அறியும். 2021 டிசம்பர் 30 அன்று, நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டி துப்பாக்கி சுடும் பயிற்சித் தளத்திலிருந்து வந்த தோட்டா, ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால், தாத்தா வீட்டிலிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. 2022 ஜனவரி 3இல் அவன் இறந்தான். அங்கே போருமில்லை, பகைவருமில்லை. நடந்தது வெறும் பயிற்சி. துப்பாக்கியின் தத்ரூபத்தைப் பேசுகையில் இதையும் சேர்த்தே பேசவேண்டும் என்று கருதுகிறோம்.