ராக்கியைத் தேடிப் போன ஞாயிற்றுக்கிழமை

பெங்களூரு
ஞாயிறு இரவு

அன்புள்ள செந்தில்,

இங்கே படிக்க வந்ததிலிருந்து ஞாயிறு வந்தால் வகுப்புப் பசங்களோடு எங்காவது கிளம்பிவிடுகிறேன். ஸ்ரீரங்கப்பட்டணம் பார்த்தாயிற்று. 1799-ல் திப்பு விழுந்து கிடந்த இடத்தில் எல்லோரும் செல்ஃபி எடுத்தார்கள். திப்புவின் தரியா தௌலத் மாளிகைச் சுவர் முழுக்க ஒரு போர்ச் சித்திரம், 1780-ல் நடந்த பொள்ளிலூர்ச் சண்டை. நம்ம காஞ்சிபுரத்துப் பக்கம்தான். இதைப் பார்க்க நான் மைசூர் ரோட்டில் இவ்வளவு தூரம் இடிபட வேண்டியிருந்தது!

இன்று கோலார். கோலாரம்மா கோயிலில் தேள்களுக்கென்றே ஒரு அம்மன் உண்டு, சேளம்மா. தரையில் இருக்கும் குழிக்குள் காசு போட்டால் தேள் கொட்டாதாம். நானும் போட்டேன், என் ஹாஸ்டல் குளியலறையை நினைத்து. வெளியே கல்லில் சோழர் காலத்துத் தமிழ் எழுத்து. ராஜேந்திரன் காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் நிகரிலிச் சோழ மண்டலம். தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் முதுகைச் சாய்த்து வளர்ந்தவனுக்கு அந்த எழுத்து புதிதில்லை, ஆனாலும் ஊர் ஞாபகம் வந்து தொண்டையை அடைத்தது. கூட வந்தவர்களுக்கு அவசரம். “கேஜிஎஃப் போகணும், ராக்கி பாய் இடத்தைப் பார்க்கணும்.” கேஜிஎஃப் என்றால் கோலார் தங்கவயல், ராக்கி அந்தப் பெயரில் வந்த சினிமாவின் ஹீரோ.

தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் பஸ் இறங்கியதும் காதில் விழுந்தது முழுக்கத் தமிழ். டீக்கடை, ஆட்டோ, சண்டை எல்லாம் தமிழில். சயனைட் மேட்டைப் பார்த்தபடி வழி கேட்டோம். தங்கம் எடுத்தபின் கொட்டிய மண்தான் அது, குன்று குன்றாக நிற்கிறது. ஒரு புல்லும் இல்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர், “சினிமா பாத்துட்டு வந்தீங்களா தம்பி?” என்றார். பசங்கள் உற்சாகமாகத் தலையாட்டினார்கள். எனக்கு மானம் போயிற்று.

அவர் தாத்தா திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி தோண்ட ஆரம்பித்த பிறகு வட ஆற்காட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்த கூட்டத்தில் ஒருவர். தாத்தா, அப்பா, இவர் என்று மூன்று தலைமுறை சுரங்கக் கூண்டில் இறங்கியிருக்கிறது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போகிறது. அந்த ஆழத்தில் பாறைச் சூடு அறுபது டிகிரிக்கு மேல். அழுத்தத்தில் பாறை வெடிப்பதை ஏர்பிளாஸ்ட் என்கிறார்கள். “ஏர்பிளாஸ்ட் அடிச்சா லைன் வீட்ல பாத்திரம் எல்லாம் ஆடும். பொம்பளைங்க அடுப்ப விட்டுட்டு ஷாஃப்ட்டுக்கு ஓடுவாங்க, யார் புருஷன் மேல வர்றான்னு பாக்க.” சொல்லிவிட்டு இருமினார். எங்களிடம் டீக்குக் காசு வாங்கக் கடைக்காரரை விடவில்லை.

சிவசமுத்திரத்திலிருந்து 1902-ல் மின்சாரம் முதலில் வந்தது இந்தச் சுரங்கத்துக்கு. பெங்களூருத் தெரு விளக்குக்கு 1905-ல்தான். வெள்ளைக்காரனுக்குத் தங்கம் அவ்வளவு அவசரம். 2001 பிப்ரவரி 28-ல் மூடிவிட்டார்கள். இப்போது பெரியவர் மகன் விடிவதற்குள் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார், ராத்திரி திரும்புகிறார். அவரைப்போல் ஆயிரக்கணக்கானவர்கள்.

எனக்கு ஆத்திரமே அங்கேதான் வந்தது. ராஜா கால் வைத்த கல்லைச் சரித்திரம் என்கிறோம், மூன்று தலைமுறை இறங்கின குழியை சினிமா லொகேஷன் என்கிறோம். பசங்களிடம் சொன்னேன். “நீ ஓவரா ஃபீல் பண்றடா” என்றான் ஒருவன். திரும்பும் ரயிலில் அவனோடு பேசவில்லை. பங்காருப்பேட்டையில் அவன் வடை வாங்கிக் கொடுத்தான், தின்றேன். வடை சுமார்.

பொங்கல் லீவுக்கு முன்னால் நீ இங்கே வந்தால் உன்னை லால்பாக்குக்குக் கூட்டிப்போக மாட்டேன். காலையில் தங்கவயலுக்குப் போகும் மரிக்குப்பம் ரயில் ஏறுவோம். பெரியவருக்குத் தஞ்சாவூரிலிருந்து கொஞ்சம் அசோகா அல்வா கொண்டு வா.

உன்,
முரளி