காற்று இருக்கும் மலை, காற்றாலை இருக்கும் கரை

ஆரல்வாய்மொழிக் கணவாயில் வளர்ந்தவனுக்குக் காற்றைப் பற்றிக் கொஞ்சம் திமிர் உண்டு. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது மற்றவர்களுக்குப் பழமொழி. எங்களுக்கு அது வானிலை அறிக்கை. முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலைச் சுற்றித் தோப்புக்கும் வயலுக்கும் நடுவே நூற்றுக்கணக்கில் காற்றாடிகள் நிற்கின்றன. அவற்றின் மேல் ஏறிப் பராமரிப்பு வேலை பார்த்துத்தான் என் பிழைப்பு ஓடியது. அதனால், இலங்கையின் மாத்தளை மாவட்டத்தில் ரிவர்ஸ்டன் என்ற இடத்தில் காற்று ஆளையே தள்ளும் என்று நண்பர் ஒருவர் சொன்னதும், "எத்தனை மெகாவாட்?" என்று கேட்டேன். "மெகாவாட்டா? அங்கே ஒரு காற்றாடிகூடக் கிடையாதே" என்றார். அப்படியும் ஓர் இடமா என்று பார்க்க, ஆடி மாதத்திலேயே கிளம்பிவிட்டேன்.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில் வடக்கே ஏறினால் மாத்தளை. மிளகும் கராம்பும் ஏலமும் மணக்கும் ஊர். ஊருக்குள் நுழைந்ததும் முத்துமாரியம்மன் கோயில் கோபுரம் கண்ணில் படுகிறது. 108 அடி உயரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் பக்கத்திலிருந்து தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து, வழியில் காய்ச்சலுக்கும் பசிக்கும் பலரைப் பறிகொடுத்துக் காப்பித் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தவர்களின் ஊர் இது. அந்த வருகைக்கு இருநூறு ஆண்டு ஆனதை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் புறப்பட்டு ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்த நடைபயணத்தைப் பற்றி எனக்கு ஓட்டோ ஓட்டிய தம்பி சொன்னார். "எங்க பூட்டன் நடந்த ரோடு ஐயா. நான் கடைசி ரெண்டு நாள்தான் கூடப் போனேன், அதுக்கே காலு கொப்புளமாயிருச்சு."

இரத்தோட்டையைத் தாண்டியதும் மலை ஏறத் தொடங்குகிறது. வீதி குறுகல். எதிரே பேருந்து வந்தால் ஓட்டோ பாறையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கொண்டைஊசி வளைவிலும் என் தொழில்புத்தி சும்மா இருக்கவில்லை: 60 மீட்டர் இறக்கை ஒன்றை ஏற்றிய நீண்ட லொறி இங்கே எப்படித் திரும்பும்? திரும்பாது. மலையைத்தான் வெட்ட வேண்டும்.

கடைசித் தேயிலைச் சரிவு முடிந்து காடு தொடங்கும் இடத்தில் மூடுபனி வந்து மூடியது. கணவாயை நெருங்கியபோது தம்பி வண்டியைப் பாறை மறைவில் நிறுத்தினார். "இதுக்கு மேல மெதுவாத்தான் ஐயா. போன வருசம் ஒரு ஓட்டோவைக் காத்து பிரட்டிப் போட்டிருச்சு." இறங்கி நடந்தேன். மறைவைத் தாண்டி இரண்டு எட்டு வைத்திருப்பேன், காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. எங்கள் ஊர்க் காற்று வறண்டது, புழுதியோடு வருவது. இது நனைந்த காற்று. மேகத்தையே வாரிக்கொண்டு கணவாய்க்குள் நுழைந்து, மறுபக்கச் சரிவில் கொட்டுகிறது. சட்டை ஒரு பக்கம் மட்டும் ஈரமாகியது. மறுபக்கம் உலர்ந்தே இருந்தது. பேச வாயைத் திறந்தால் சொல் தொண்டைக்கே திரும்பிப் போகிறது. மேலே ஒலிபரப்புக் கோபுரம் பனிக்குள் தெரிவதும் மறைவதுமாக நின்றது. இந்த மலையில் மனிதன் நட்டுவைத்த உயரமான பொருள் அது ஒன்றுதான்.

நக்கிள்ஸ் மலைத்தொடர் இலங்கையின் நடு மலைநாட்டிலிருந்து பிரிந்து நிற்கும் தனிச் சுவர். கொம்பனிய சிகரம் 1,900 மீட்டரைத் தாண்டுகிறது. ஒரு பருவத்தில் தென்மேற்குக் காற்றையும், மறு பருவத்தில் வடகிழக்குக் காற்றையும் இந்தச் சுவர் குறுக்கே நின்று மறிக்கிறது. மறிபட்ட காற்று தாழ்வான இடம் தேடி ரிவர்ஸ்டன் போன்ற இடைவெளிகளில் நெருக்கியடித்துப் புகுகிறது. எங்கள் கணவாயிலும் நடப்பது இதுதான். அங்கே மலைத்தொடர் முடியப் போகும் இடம், இங்கே மலைத்தொடரின் இடுக்கு. முகட்டு மரங்களைப் பார்த்தால் காற்றின் கணக்கு தெரியும். கீழே வானளாவ வளரும் இனங்கள் மேலே என் தோள் உயரத்தில் நின்றுவிட்டன. கிளைகளெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து முறுக்கிக்கொண்டு, பாசி அப்பி, ஒவ்வொன்றும் நூறு வயதுக் குள்ளனாக இருக்கிறது.

இன்னும் கொஞ்சம் கீழே இறங்கினால் பிட்டவல பத்தன. காட்டுக்கு நடுவே திடீரென்று ஒரு புல்வெளி. விரலால் குத்திப் பார்த்தேன். சாண் ஆழம்கூட இல்லாமல் பாறை தட்டியது. அந்த மெல்லிய மண்ணில் மரம் வேர்விட வழியில்லை. பாறை கசியும் இடங்களில் நக்கிள்ஸ் மலைக்கே உரிய ஒரு சிறு தவளை ஒட்டிக்கொண்டிருக்கும். உலகில் வேறெங்கும் அது இல்லை. புல்வெளியின் விளிம்பில் நிலம் முடிந்து செங்குத்தாக இறங்குகிறது. அடியில் வயல் படிகளும் கூரைகளும். காற்று அந்த விளிம்பில் மேல்நோக்கி அடிப்பதால் கிள்ளிப் போட்ட புல் கீழே விழாமல் தலைக்கு மேல் பறந்தது.

இவ்வளவு காற்றும் வீணாகிறதே என்று என் மனம் அடித்துக்கொண்டது உண்மை. காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்கு ஆகும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகம் 2003இல் வெளியிட்ட இலங்கைக் காற்று வரைபடத்தில், வடமேற்குக் கரையோடு நடு மலைநாடும் வளமான இடமாகத்தான் குறிக்கப்பட்டது. ஆனால் வேகம் மட்டும் போதாது. மலைக்காற்று குதித்தும் சுழன்றும் வரும். இறக்கையின் மேல்முனையில் ஒரு வேகம், கீழ்முனையில் வேறு வேகம். கியர்பாக்ஸ் நாளாக ஆகத் தேயும். விநாடிக்கு 25 மீட்டரை ஒட்டி வேகம் ஏறினால் இயந்திரம் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். மலைநாட்டில் அம்பேவெலயில் ஒரு காற்றாலை இருக்கிறது, வெறும் 3 மெகாவாட்.

அதற்கெல்லாம் மேலே சட்டம். நக்கிள்ஸ் 2000இல் பாதுகாப்பு வனமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காடு ஆகியவற்றோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. காட்டு நிழலில் ஏலம் பயிரிட்டு வந்தவர்களே வெளியேற வேண்டியிருந்தது என்றால், கிரேனுக்கு யார் கதவு திறப்பார்கள்?

இலுக்கும்புர என்ற ஊரின் தேநீர்க் கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டே இதைச் சொன்னேன். கடைக்காரர் சிங்களத்தில் ஏதோ சொல்ல, தம்பி மொழிபெயர்த்தார்: "காத்தாடி வரலைன்னா என்ன, தண்ணி வந்திச்சேங்கிறாரு." அவர் கைகாட்டிய திசையில், மலைக்கு அப்பால் லக்கல. மொரகஹகந்த – களுகங்கை திட்டத்தில் இரண்டு நீர்த்தேக்கங்கள் எழுந்தபோது பழைய லக்கல நகரமும் பல கிராமங்களும் நீருக்கடியில் போயின. மக்களுக்குப் புதிய நகரம் கட்டிக்கொடுத்தார்கள். மொரகஹகந்தவில் 25 மெகாவாட் மின்சாரம் எடுக்கிறார்கள். பாசனம் கிடைப்பதோ வடக்கே வெகுதூரத்திலுள்ள வயல்களுக்கு. கடைக்காரரின் சொந்தக்காரர்கள் அப்படி இடம்பெயர்ந்தவர்கள். குறைசொல்லும் குரலில் அவர் சொல்லவில்லை. மின்சாரம் என்றால் யாரோ ஒருவருடைய ஊர் அதன் விலை என்று அவருக்குப் பழகிப்போயிருந்தது.

இலங்கையின் காற்றாலை அப்படியானால் எந்த ஊரில் நிற்கிறது? தோட்டத் தொழிலாளர் நடந்த பாதையை நான் பேருந்தில் திருப்பிப் பிடித்தேன். தம்புள்ளை, மதவாச்சி, அங்கிருந்து ஏ14 வீதியில் மன்னார். மன்னார்த் தீவின் தென்கரையில் வரிசையாக நிற்கின்றன 30 காற்றாடிகள். தம்பபவனி என்று பெயர். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் இலங்கை மின்சார சபை கட்டியது, 2020 டிசம்பரில் திறந்தார்கள், மொத்தம் 103.5 மெகாவாட். 1999இல் ஹம்பாந்தோட்டையில் வெறும் 3 மெகாவாட்டோடு தொடங்கிய நாட்டுக்கு இது பெரிய பாய்ச்சல்தான். தட்டை மணல், பனையைத் தவிர உயரமான மரமில்லை, கடலிலிருந்து தடையின்றி வரும் சீரான சோளகம் என்ற தென்மேற்குக் காற்று. தொழில்காரன் கண்ணுக்குச் சொர்க்கம். வலசைப் பறவைகளின் பெருவழியில் இருப்பதால் கூட்டம் வருவதை ரேடாரில் பார்த்து இயந்திரத்தை நிறுத்தவும் ஏற்பாடு உண்டு. கோபுரத்தின் நீண்ட நிழலில் மன்னார்க் கழுதைகள் நாலைந்து படுத்திருந்தன. வெயில் நகர நகர அவையும் எழுந்து நிழலோடு நகர்ந்தன.

ஆனால் பறவைக்கு ரேடார் வைத்த அளவுக்கு மனிதருக்கு யாரும் வைக்கவில்லை என்று கரைவலைக்காரர்கள் சொன்னார்கள். அடித்தளத்துக்கும் கிரேன் பாதைக்கும் மேடாக்கிய மண், மாரிமழையில் வெள்ளம் கடலுக்கு வடியும் வழியை அடைக்கிறது என்பது அவர்களின் முதல் புகார். மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட்டுக்குத் திட்டமிட்ட அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அந்த ஆகஸ்டில் வேறு புதிய காற்றாலைகளை எதிர்த்து மன்னார் மக்கள் தெருவில் அமர்ந்தார்கள். அரசு ஒரு மாதம் வேலைகளை நிறுத்திவைத்தது.

காற்று வலுவாக இருக்கும் இடம் எது என்பதைவிட, இயந்திரம் வர எளிதான இடம் எது என்பதே ஒரு காற்றாலையின் ஊரைத் தீர்மானிக்கிறது. ரிவர்ஸ்டனைச் செங்குத்து வளைவுகளும் தவளையும் யுனெஸ்கோவும் சேர்ந்து காத்தன. தட்டையான மணலில், பட்டியல் எதிலும் இல்லாத ஊர், தன் குறையைத் தானே எழுந்து சொன்னால்தான் உண்டு. காற்றை அளக்க ஒரு கம்பம் நட்டு வருடம் முழுக்க நொடிக்கு நொடி பதிவு செய்கிறோம். அதே வருடத்தில் மழைநீர் எந்த ஒழுங்கை வழியாக ஓடுகிறது, வலை எங்கே இழுக்கப்படுகிறது, பிணத்தை எந்தப் பாதையில் கொண்டுபோகிறார்கள் என்றும் ஒருவர் குறித்து வைத்தால் செலவு எவ்வளவு ஆகிவிடும்? அந்தக் கம்பத்தின் ஸ்டே கம்பி விலைகூட வராது.

அதே மன்னார்க் கரையில், நடுக்குடாவில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவரிடம் இதைச் சொன்னேன். ஊசியை நிறுத்தாமலே பதில் சொன்னார்: "அளக்க வாறவை எல்லாரும் சோளகத்திலதான் வாறவை தம்பி. மாரியில ஒருத்தரையும் காணேல்லை. நீங்க இந்தத் தொழில் தெரிஞ்ச ஆள்தானே, கார்த்திகையில ஒருக்கா வாங்கோ. முழங்கால் தண்ணியில நிண்டு பேசுவம்."

கார்த்திகைக்குப் பயணச்சீட்டு எடுத்துவிட்டேன். கூடவே வருமாறு, இப்போது வேலையில் இருக்கும் இளம் பொறியாளர்கள் இருவரையும் கேட்டிருக்கிறேன்.