ஆறுமணிக் குருவி வந்த நாள்

மும்பையில் வாழும் நமக்குப் பறவை என்றதும் நினைவுக்கு வருவன இரண்டே. ஒன்று, சன்னலில் வந்தமர்ந்து உரிமையோடு சோறு கேட்கும் காக்கை; மற்றொன்று, பால்கனியை அசுத்தப்படுத்திவிட்டு நம்மையே முறைத்துப் பார்க்கும் புறா. இவற்றுக்கு அப்பாலும் ஒரு பறவை உலகம் உண்டு என்பதை எங்கள் குடும்பத்தார் அறிந்துகொண்டது 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் முதல் வாரத்தில். அன்று நிகழ்ந்ததைச் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம். நிகழ்ச்சி சிறியதுதான். ஆயினும் எங்கள் இல்லத்தில் ஈராண்டாகத் தீராதிருந்த ஒரு வழக்கு அதனால் தீர்ந்தது.

முதலில் அந்த வழக்கைச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் குடியிருப்பது முலுண்டின் மேற்குப் பகுதியில். எங்கள் கட்டடத்துக்குப் பின்னே இரண்டு தெருக்களைக் கடந்தால் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவைச் சேர்ந்த குன்றுகள் தொடங்கிவிடும். ஏறத்தாழ நூறு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அக்காடு மாநகரின் எல்லைக்குள்ளேயே இருந்தும், அதை நாங்கள் மழைக்காலத்தில் பச்சையாகவும் கோடையில் பழுப்பாகவும் தெரியும் ஒரு திரைச்சீலையாகவே கருதி வந்தோம். 2022ஆம் ஆண்டு தந்தையார் காலமானபின், திருநெல்வேலிச் சீமையில் தனித்திருந்த அன்னையாரை இங்கே அழைத்து வந்தோம். வந்த நாள் முதல் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "ஐப்பசி பிறந்ததும் ஊருக்குப் போய் நாலு மாசம் இருந்துட்டு வாரேன்." நாங்கள் சொன்ன விடையும் ஒன்றே: "எழுபத்து நான்கு வயதில் தனியே எப்படி இருப்பீர்கள்?" ஊர் வீட்டை வாங்க ஒருவர் முன்வந்திருந்தார். பத்திரத்தில் அன்னையாரின் கையொப்பம் ஒன்றுதான் பாக்கி. அவர் மறுக்கவும் இல்லை. கையொப்பம் இடவும் இல்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டார். மாலைதோறும் குன்றை நோக்கிய சன்னலருகே நாற்காலியைப் போட்டு அமர்ந்திருப்பார். அந்த மௌனத்தை எதிர்த்து வாதாட எங்களுக்கு வழி தெரியவில்லை.

குறித்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழை இன்னும் இறங்கவில்லை, புழுக்கம் தாங்கவில்லை. காலை ஏழு மணி அளவில் கீழே காக்கைகள் பெருங்கூச்சலிட்டன. எட்டிப் பார்த்தோம். வாதாமரத்தடியில் ஏழெட்டுக் காக்கைகள் எதையோ சூழ்ந்து கொத்திக்கொண்டிருந்தன. காவலாளி கோலை ஓங்கி ஓடினார். பின்னாலேயே நாங்களும் எங்கள் மகனும் ஓடினோம்.

காக்கைகள் விலகியதும் கண்ட காட்சியை எப்படிச் சொல்வது! மைனாவைவிடச் சிறிய ஒரு பறவை, சருகுகளின் நடுவே கால்களை மடக்கி ஒடுங்கிக் கிடந்தது. முதுகு இலைப்பச்சை, தோளில் பளிச்சென்ற நீலம், மார்பு சந்தன நிறம், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, கண்ணின் குறுக்கே மை தீட்டினாற்போல ஒரு கரும்பட்டை, அதற்கு மேலே வெண்ணிறப் புருவம், தொண்டை வெள்ளை. வால் மட்டும் இருந்தும் இல்லாததுபோல மொட்டையாக இருந்தது. யாருடைய வீட்டிலோ வளர்த்த வெளிநாட்டுக் கிளி தப்பி வந்துவிட்டது என்றே முதலில் நினைத்தோம்.

காலணி வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்றில் துளைகள் இட்டு, பழைய வேட்டித் துணியைப் பரப்பி, பறவையை அதில் வைத்து மேலே கொண்டுவந்தோம். இதுவரை நாங்கள் செய்தது சரி. இனிச் சொல்லப்போவது பிழை. அதை மறைக்க விரும்பவில்லை. அவ்வளவு அழகைக் கண்டபின் படம் எடுக்காமல் இருக்க முடியுமா? மகன் கைபேசியை எடுத்து வந்தான். மூடியைத் திறந்து ஒரு படம். வெளிச்சம் போதவில்லை என்று விளக்கைப் போட்டு ஒரு படம். அடுத்த வீட்டார் கேட்டதற்காக மீண்டும் ஒரு படம். அரைமணி நேரத்தில் நான்கு முறை அந்தப் பெட்டி திறக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் பறவை மூலையில் ஒண்டியது. அலகைத் திறந்து மூச்சுவாங்கியது. படங்களோ ஒன்றும் தேறவில்லை. எல்லாவற்றிலும் ஒரு நடுங்கும் பச்சைத் திட்டே பதிந்திருந்தது.

ஐந்தாம் முறை மூடியில் கைவைத்தபோது அன்னையார் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். பெட்டிக்குள் ஒருமுறை பார்த்தார். அவர் முகம் மாறியது.

"ஏலே, இது நம்மூர் ஆறுமணிக் குருவில்லா! இதைப் போட்டா இந்தப் பாடு படுத்துதிய? மூடுங்க. இருட்டுல கெடக்கட்டும். அலுத்து வந்த உசிரைத் தூங்கவிடாம மூஞ்சில வெளக்கடிச்சுப் பாக்கதுக்குப் பேரு பிரியமா?"

பல மாதங்களுக்குப்பின் அவர் அத்தனை சொற்களை ஒருசேரப் பேசியது அன்றுதான். நாங்கள் தலைகுனிந்து பெட்டியை மூடி, மாவு டப்பாக்கள் இருக்கும் அலமாரியின் கீழே இருட்டில் வைத்தோம். கதவருகே நின்றிருந்த காவலாளி அவர் சொன்னதன் பொருளைக் கேட்டார். நாங்கள் இந்தியில் விளக்கியதும் அவர் தலையை அசைத்து மறுத்தார். "இல்லை, இல்லை. இது நவரங். எங்கள் ஊர்ப் பறவை. மழைக்காலத்தில் எங்கள் காட்டில் கூடு கட்டும்" என்றார். அவர் மத்தியப் பிரதேசத்துக்காரர். அன்னையாருக்கு அதை மொழிபெயர்த்தோம். "மழைக்காலத்துலயா? எங்க ஊர்ல பனிக்காலத்துலல்லா வரும்! அவரு வேற எதையோ பாத்திருப்பாரு" என்றார் அன்னையார். இருவரில் ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

தீர்ப்புச் சொல்ல ஒரு நூல் தேவைப்பட்டது. மும்பையிலேயே பிறந்து, வாழ்நாள் முழுவதையும் பறவைகளுக்கே அளித்த சாலிம் அலி எழுதி 1941ஆம் ஆண்டு முதன்முதலாக வெளிவந்த இந்தியப் பறவைகள் பற்றிய நூல் மகனின் அலமாரியில் இருந்தது. பரிசாகக் கிடைத்து, பிரிக்கப்படாமலே இருந்தது. அதையும் வேறு சில குறிப்புகளையும் பார்த்தபோது, இருவர் சொன்னதும் உண்மை என்று அறிந்தோம். இப்பறவை பனிக்காலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழிக்கிறது. கோடை முடியும் தறுவாயில் வடக்கு நோக்கிப் புறப்பட்டு, இமயத்தின் அடிவாரக் காடுகளிலும், நடு இந்தியக் குன்றுகளிலும், மேற்குத் தொடர்ச்சி மலையின் சில பகுதிகளிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரிக்கிறது. இலைகளையும் சுள்ளிகளையும் கொண்டு பக்கத்தில் வாயில் வைத்து, பந்துபோன்ற கூட்டைக் கட்டுகிறது. மழை ஓய்ந்தபின் மீண்டும் தெற்கே திரும்புகிறது. தரையில் சருகைப் புரட்டிப் புழுபூச்சிகளைத் தின்று வாழும் இச்சிறு உயிர், ஆண்டுக்கு இருமுறை ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழியைக் கடக்கிறது. இரவில் பறந்து களைத்து, விடியலில் நகரத்துத் தோட்டங்களில் இறங்கிக் காக்கைகளிடம் அகப்பட்டுக்கொள்வதும் உண்டு.

பெயரிலும் ஒரு வியப்பைக் கண்டோம். 1766ஆம் ஆண்டு லின்னேயஸ் இதை அறிவியல் முறையில் வகைப்படுத்தினார். இன்று உலகெங்கும் இவ்வினத்துக்கு வழங்கும் 'பிட்டா' என்ற பெயர், சிறு பறவையைக் குறிக்கும் தெலுங்குச் சொல்லே. தமிழில் ஆறுமணிக் குருவி என்றழைப்பது, காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இரட்டைச் சீழ்க்கையாகக் கூவும் அதன் வழக்கத்தால். தெலுங்கர் பெயர் தந்தனர். தமிழர் கடிகாரம் தந்தனர். இந்தியில் ஒன்பது நிறம் என்றனர். எந்த ஊர்ப் பறவை என்று கேட்டால், இருக்கும் ஊரெல்லாம் அதன் ஊர்தான்.

மாலை ஐந்தரை மணிக்குப் பெட்டிக்குள் படபடவென்று ஓசை கேட்டது. அன்னையார், "எழுந்தாச்சு, கொண்டுபோய் விடுங்க" என்றார். வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று மகன் மெல்லக் கேட்டான். காட்டுப் பறவையை வீட்டில் அடைத்து வைப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று நாங்கள் சொல்வதற்குள், "அது வழியில போற உசிரு, நாம வழி மறிக்கப்படாது" என்று ஆச்சி சொல்லிவிட்டார். அதற்குமேல் சட்டம் தேவைப்படவில்லை.

குன்றை ஒட்டிய சந்தின் கோடியில், வேலிப் புதர்களுக்கு அருகே பெட்டியை வைத்து, மூடியை நீக்கிவிட்டு, இருபது அடி பின்வாங்கித் தரையில் அமர்ந்தோம். அன்னையாரும் முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் ஒரு கல்லின்மீது அமர்ந்தார். இம்முறை கைபேசி இல்லை. நீண்ட வில்லை பொருத்திய பழைய கேமரா ஒன்றை எடுத்துச் சென்றிருந்தோம். பளிச்சிடும் விளக்கைப் பயன்படுத்துவதில்லை என்று உறுதி செய்துகொண்டோம். பத்து நிமிடம் ஒன்றும் நிகழவில்லை. கொசுக்கள் எங்களை நன்றாகவே உபசரித்தன. பிறகு பெட்டியின் விளிம்பில் ஒரு தலை தோன்றியது. ஒரு தாவல். சருகில் இறங்கி நின்று, மொட்டை வாலை மெதுவாக மேலும் கீழும் அசைத்தது. இரண்டு மூன்று இலைகளைப் புரட்டி, எதையோ எடுத்து விழுங்கியது. எங்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. அந்தக் கணத்தில் எடுத்த ஒரே ஒரு படம்தான் எங்களிடம் உள்ளது. மங்கிய ஒளியில் எடுத்ததால் சற்றே புள்ளி புள்ளியாக இருக்கிறது. ஒரு புல்லும் குறுக்கே விழுந்திருக்கிறது. எனினும் அதில் பறவை அஞ்சாமல் நிற்கிறது. காலையில் எடுத்த படங்களை எல்லாம் அன்றிரவே அழித்துவிட்டோம்.

மறுநாள் விடியலில் குன்றின் பக்கமிருந்து இரட்டைச் சீழ்க்கை கேட்டது. அதே பறவையா, வேறொன்றா, சொல்ல இயலாது. கடிகாரத்தைப் பார்த்தோம், ஆறாக ஐந்து நிமிடம் இருந்தது. சன்னலருகே அமர்ந்திருந்த அன்னையார் எங்களைத் திரும்பிப் பாராமலே சொன்னார்:

"அதுக்கு ரெண்டு ஊரு இருக்கு. ஒண்ணை வித்துட்டு வான்னு அதுகிட்ட யாரும் சொல்லல."

நாங்கள் விடை கூறவில்லை. கூறுவதற்கு விடை இல்லை. எங்கள் அச்சம் பொய்யன்று. அவர் வயதும் பொய்யன்று. ஆனால் அந்த அச்சத்தின் பெயரால் அவரை நாங்கள் எத்தனை முறை மூடி திறந்து பார்த்தோம், எத்தனை முறை வெளிச்சம் அடித்தோம் என்று எண்ணிப் பார்த்தோம். அன்றே ஊர் வீட்டை வாங்க வந்தவருக்குத் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். குளியலறையில் கைப்பிடி அமைக்கவும், இரவில் துணைக்குப் படுக்க உறவுப் பெண் ஒருத்தி வரவும் ஏற்பாடு செய்தோம். ஐப்பசி தொடங்கியதும் நாகர்கோவில் விரைவு வண்டியில் நாங்களே உடன்சென்று விட்டுவந்தோம்.

கார்த்திகையில் ஒரு மாலை ஊரிலிருந்து தொலைபேசி ஒலித்தது. அன்னையார் பேசவில்லை, கருவியைக் கொல்லைப்புறம் நோக்கி நீட்டிப் பிடித்திருந்தார் போலும். சிறிது நேரம் இரைச்சல். பிறகு தெளிவாக அந்த இரட்டைச் சீழ்க்கை. அடுத்து அவர் குரல்: "காவக்காரர்ட்ட சொல்லுங்க, அவங்க ஊர்ப் பிள்ளை சுகமா வந்து சேந்துட்டுன்னு."

சொன்னோம். அவர் மகிழ்ந்து சிரித்தார்.

அன்பர்களில் எவரேனும் இத்தகைய பறவை களைத்து விழுந்திருக்கக் கண்டால், எங்களைப்போல் பிழை செய்யாதீர்கள். காக்கைக்கும் பூனைக்கும் எட்டாமல், காற்றுப்புகும் பெட்டியில் இருட்டில் வையுங்கள். வாயில் நீரை ஊற்றாதீர்கள். அடிபட்டிருந்தால் வனத்துறையாரிடம் ஒப்படையுங்கள். களைப்பு மட்டும் என்றால், தெளிந்ததும் மரம் செடி உள்ள இடத்தில் விட்டுவிடுங்கள். படம் எடுப்பதானால் விட்டபிறகு, எட்ட நின்று எடுங்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தைக் காண விரும்புவோர் எந்த ஞாயிறும் வரலாம். பங்குனி வரையில் அன்னையார் இருக்கமாட்டார். அதன்பின் வந்தால், அந்தக் கதையை அவரே சொல்வார்.