பேத்தியின் படிப்பு: சில நாட்குறிப்புகள்

நவம்பர் 4, 2024, திங்கள்

வாசிப்பு வார விடுமுறைக்கென்று வீட்டுக்கு வந்திருந்த பேத்தி, இன்று காலை பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் புறப்பட வேண்டியவள், தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, "அப்பப்பா, நான் இனிப் போகேல்லை" என்றாள். ஆங்கில இலக்கியத்தில் அவளுக்கு இது இரண்டாம் வருஷம். உடம்புக்குச் சுகமில்லையோ, யாரேனும் மனம் நோகப் பேசினார்களோ என்று நானும் மருமகளும் மாறிமாறிக் கேட்டதற்கெல்லாம் இல்லையென்று தலையாட்டியவள், கடைசியில், "படிச்சு என்ன பிரயோசனம்?" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்கு ஏறிப் போனாள். நாட்குறிப்பு எழுதும் வழக்கத்தை விட்டு வெகுகாலமாகிறது. ஆயினும் இனி இந்த வீட்டில் இதைப்பற்றி நாளுக்கொரு விதமாகப் பேசப்படும், யார் எப்போது என்ன சொன்னார் என்பது எனக்கே குழம்பிப்போகும் என்ற சஞ்சலத்தில் இதைத் தொடங்குகிறேன்.

நவம்பர் 6, புதன்

மகனுக்கு உள்ளூர ஆறுதல். அவளைக் கணக்கியலுக்கு மாற்ற இப்போதே விசாரிக்கத் தொடங்கிவிட்டான்.

நவம்பர் 9, சனி

பிரயோசனம் என்ற கேள்விக்கு எங்கள் ஊரார் ஒருகாலத்தில் கொடுத்திருந்த விடையை அவளுக்கு எடுத்துரைக்க வேண்டுமென்று இரண்டு இரவு நித்திரையின்றி யோசித்து, இன்று மத்தியானம் அவளை முன்னறைக் கதிரையில் இருத்திச் சொன்னேன். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823இல் நிறுவிய செமினரியில் எங்கள் பையன்கள் ஆங்கில நூல்களையும் கணிதத்தையும் வானசாஸ்திரத்தையும் கற்றுக்கொண்டிருந்த காலத்தில், ஒக்ஸ்போட்டில் ஆங்கில இலக்கியத்துக்கென்று தனித் துறையே இருக்கவில்லை. அது அங்கே உண்டானது 1894இல். 1857இல் தோன்றிய சென்னைச் சர்வகலாசாலை முதன்முதலாக நடத்திய பட்டப் பரீட்சையில் தேறிய இருவரும், கறல் விசுவநாதபிள்ளையும் அவரிடம் பாடங்கேட்ட சி. வை. தாமோதரம்பிள்ளையும், அந்தச் செமினரியின் பிள்ளைகளே. அந்நிய பாஷையில் கற்று முதற் பட்டம் பெற்ற அந்தத் தாமோதரம்பிள்ளைதான் பின்னாளில், தொட்டால் உதிர்ந்துபோகும் ஏடுகளைத் தேடியெடுத்து, பாடம் ஒப்பிட்டுத் தொல்காப்பியத்தின் பகுதிகளையும், 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். ஒரு பாஷையின் இலக்கியத்தில் ஆழ இறங்கியவனுக்கே இன்னொரு பாஷையின் அருமையும் புலப்படும் என்பது என் திடமான அபிப்பிராயம். அதை முகம் சிவக்கும்வரை சொன்னேன்.

அவள் மரியாதையாகக் கேட்டிருந்தாள். "அது அவையின்ரை கதை, அப்பப்பா" என்றாள்.

நவம்பர் 10, ஞாயிறு

மழை. எவருடனும் பேசவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகனாகிய ஆங்கில எழுத்தாளர் டி. எச். லோரன்ஸ், நொட்டிங்ஹாமில் ஆசிரியப் பயிற்சியை முடித்துக்கொண்டு, 1908 ஒக்டோபரில் நாங்கள் வசிக்கும் இந்தக் குரோய்டனுக்கு வந்து, டேவிட்சன் வீதிப் பாடசாலையில் வருஷத்துக்கு 95 பவுண் சம்பளத்துக்குப் பையன்களுக்குக் கற்பித்தார் என்பதும், பகலெல்லாம் வகுப்பும் கொப்பி திருத்தலுமாய்க் கழிய, எஞ்சிய இரவுகளில் கவிதையும் நாவலும் எழுதினார் என்பதும், 1911இன் இறுதியில் நியூமோனியா கண்டு அந்த வேலையோடு இருந்த தொடர்பு அற்றுப்போயிற்று என்பதும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்தவையே. ஆனால் அவர் வாடகைக்குக் குடியிருந்த கொல்வேர்த் வீதி 12ஆம் இலக்கத்தை இத்தனை காலம் குரோய்டனில் வசித்தும் நான் போய்ப் பார்த்ததில்லை. பேத்தியின் கேள்வி மனதை விட்டகலாததால், இன்று டிராமில் அடிஸ்கம் வரை போய், குடையைப் பிடித்துக்கொண்டு அந்த வீதியை நடந்து கண்டேன். ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் செங்கல் வீடுகளில் ஒன்று. எங்கள் தோண்டன் ஹீத் வீட்டுக்கும் அதற்கும் பெரிய பேதமில்லை.

அவருடைய முதல் நாவலாகிய 'வெள்ளை மயில்' இங்கே வாசஞ்செய்த நாளில்தான், 1911 ஜனவரியில், வெளிவந்தது. அதன் முதற்பிரதியை பதிப்பகத்திலிருந்து முன்கூட்டியே தருவித்து, புற்றுநோயால் மரணப்படுக்கையில் கிடந்த தாயின் கையில் கொடுத்தார். தாய் 1910 டிசம்பரில் காலமானார். இதை வீதியோரத்தில் நின்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

டிசம்பர் 3, செவ்வாய்

கன்ரபரி கிறைஸ்ட் சேர்ச் பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கியப் பட்டத்துக்குப் புதிய மாணவரைச் சேர்ப்பதை நிறுத்துகிறதாம். ஷெஃபீல்ட் ஹலம் பல்கலைக்கழகம் 2022இலேயே அப்படியொரு முடிவுக்கு வந்தது. கவிஞன் சோசரின் யாத்திரிகர்கள் எந்த நகரை நோக்கிக் கதை சொல்லிக்கொண்டு குதிரையேறிப் போனார்களோ, நாடகாசிரியன் மார்லோ 1564இல் எந்த நகரில் பிறந்தானோ, அந்த நகரிலே இந்தக் கதி! உள்ளம் கொதிக்கிறது. செய்தியை அவள் கண்ணில் படாமல் வைக்க நினைத்தேன். மருமகள் ஏற்கெனவே கைபேசியில் காட்டிவிட்டாள்.

டிசம்பர் 5, வியாழன்

தலைச்சுற்று. மருந்து மாற்றியிருக்கிறார்கள்.

டிசம்பர் 15, ஞாயிறு

பேத்தி சுப்பர்மார்க்கெட்டில் மாலை வேலை முடித்து, சீருடையைக்கூடக் கழற்றாமல் குசினி மேசையில் இருந்து, நான் நூலகத்திலிருந்து எடுத்து வந்திருந்த லோரன்ஸின் கவிதைத் தொகுதியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கடைசிப் பாடவேளையில் மணி அடிக்காதா என்று ஏங்கும் உபாத்தியாயர் ஒருவர், இனி இந்தப் பிள்ளைகளுக்காக என் பிராணசக்தியைச் செலவழியேன் என்று சலித்துச் சொல்லும் கவிதை அது.

"இவர் இஞ்சை, எங்கடை ஊரிலை படிப்பிச்சவரோ?"

"ஓம். இங்கையிருந்து நடந்து போகலாம்."

"தன்ரை வேலை வீண் எண்டு எழுதியிருக்கிறார். உங்களுக்கும் இப்பிடி இருந்ததோ, அப்பப்பா?"

இந்தக் கேள்வியை என் மகன்கூட என்னிடம் கேட்டதில்லை. 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று, மண்ணெண்ணெயும் தடைப்பொருளாகிவிட்ட பிறகு, ஜாம் போத்தலின் அடியில் ஒரு விரற்கடை எண்ணெய் விட்டு, பஞ்சுத்திரியைக் கம்பியில் கோத்து நிறுத்தி, அந்த வெளிச்சத்தில் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஷேக்ஸ்பியர் சொல்லிக்கொடுத்த கதையை அவளுக்குச் சொன்னேன். கடதாசியும் அரிது, ஒரே தாளில் முதலில் பென்சிலாலும் அதன்மேல் பேனாவாலும் எழுதினோம். மேலே விமானச் சத்தம் கேட்டால் விளக்கை ஊதி அணைத்துவிட்டு, விட்ட அடியிலிருந்து இருட்டிலே மனப்பாடமாகத் தொடர்வோம். அந்த நாட்களில் எத்தனையோ இரவு, மக்பெத்தின் மனச்சாட்சி இந்தப் பிள்ளைகளுக்கு ஒருபிடி அரிசியாகுமா என்று எண்ணி நெஞ்சு வெறுத்துப் படுத்திருக்கிறேன். இதை நான் எவரிடமும் சொன்னதில்லை.

எவ்வளவு எண்ணெய், எந்த நாடகம், பெட்டைப் பிள்ளைகளும் வந்தார்களா என்று ஒவ்வொன்றாய் விசாரித்தாள். பிறகு, "வீண் எண்டு நினைச்சும் ஏன் விடாமல் படிப்பிச்சனீங்கள்?" என்றாள்.

வட்டுக்கோட்டையும் கலித்தொகையும் அந்நேரம் ஞாபகத்துக்கு வரவில்லை. "பிள்ளையள் வந்து இருந்திட்டுதுகள். அதாலைதான்" என்றேன்.

வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, புத்தகத்தைப் பார்த்தபடியே, "வகுப்பிலை நான் ஒருநாளும் வாய் திறக்கேல்லை, அப்பப்பா. எல்லாரும் ஏற்கெனவே எல்லாம் தெரிஞ்ச ஆக்கள் மாதிரிக் கதைப்பினம்" என்றாள். நான் எழுந்து தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன்.

டிசம்பர் 16, திங்கள்

நூலகப் புத்தகம் என் மேசையில் இல்லை. கேட்கவில்லை.

ஜனவரி 5, 2025, ஞாயிறு

வீட்டில் சண்டை. கடன், வாடகை, வருங்காலம் என்று மகன் சொன்னவை யாவும் நியாயமானவை. பேராதனையில் எனக்குக் கல்வி இலவசமாகக் கிடைத்தது; இவளோ வருஷத்துக்கு 9,250 பவுண் கட்டணத்தைத் தன் தலைமேல் கடனாக ஏற்றிக்கொண்டு படிக்க வேண்டியவள். இதற்கு என்னிடம் பதில் கிடையாது. என் ஓய்வூதியத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன்; மகன், "அப்பா, நீங்கள் சும்மா இருங்கோ" என்றான்.

ஜனவரி 11, சனி

படிப்பை ஒரு வருஷம் இடைநிறுத்துவதா, முற்றாக விலகுவதா, திரும்பிப் போவதா என்று பல்கலைக்கழகத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள் அறிவிக்க வேண்டுமாம். விண்ணப்பப் படிவத்தை அச்சடித்து வைத்திருக்கிறாள். பெயரை மட்டும் நிரப்பியிருக்கிறாள். வேலைக்குப் புறப்படும்போது, சப்பாத்துக் கயிற்றைக் கட்டியவாறே, அந்தத் தாமோதரம்பிள்ளை பட்டம் எடுக்கையில் அவருக்கு என்ன வயசு என்று கேட்டாள். 1832இல் பிறந்தவர், இருபத்தைந்து வயசளவில் இருக்கும் என்றேன். "ம்" என்றாள். பஸ் வந்துவிட்டது.