சாப்பாட்டு மேஜை ஆங்கிலம்

அந்நிய பாஷை சொல்லிக்கொடுக்கும் புத்தகங்களைப் படிப்பதில் எனக்கு அலாதியான ருசி உண்டு. பாஷையைக் கற்றுக்கொள்ளும் உத்தேசமெல்லாம் கிடையாது. அதற்கு வேண்டிய பொறுமை போய் வெகு நாளாயிற்று. நாவல் படிக்கிற மாதிரிதான் படிப்பேன். 'என் பெட்டியைக் காணோமே', 'டாக்டர், இரண்டு நாளாக ஜுரம்', 'இந்தத் துணி என்ன விலை? கொஞ்சம் குறைத்துக்கொள்ளக் கூடாதா?' என்று பக்கத்துக்குப் பக்கம் ஒரு மனிதன் பெட்டியைத் தொலைக்கிறான், காய்ச்சலில் படுக்கிறான், பேரம் பேசுகிறான். ஓர் ஊர்க்காரர்களுக்கு இன்னோர் ஊர்க்காரர்களிடம் எங்கெங்கே பயம் என்பதை இந்தச் சம்பாஷணைப் பக்கங்களில் பார்க்கலாம்.

சீனர்கள் ஆங்கிலம் கற்றுக்கொள்வதற்கென்று ஏற்பட்ட புத்தகங்களுக்கு வயது அதிகம். 1757-லிருந்து 1842 வரையில் மேல்நாட்டு வியாபாரக் கப்பல்கள் வந்து நிற்பதற்குச் சீனச் சக்கரவர்த்தி விட்டுவைத்த துறைமுகம் பெரும்பாலும் கான்டன் ஒன்றுதான். அங்கே கடைக்காரர்களும் சமையற்காரர்களும் வாங்கிப் படித்த ஒரு சின்னப் புத்தகம் உண்டு. 'சிவப்பு மயிர்க்காரர்களின் பொதுப் பேச்சு' என்பது போலப் பொருள்படும் அதன் பெயர். சிவப்பு மயிர்க்காரர்கள் என்றால் வெள்ளைக்காரர்கள். சிங்கப்பூர்ச் சீனர்கள் இன்றைக்கும் வெள்ளைக்காரனை 'ஆங் மோ' என்று சொல்வது இதே வார்த்தைதான். நானூறு சொற்கள்கூட இல்லாத அந்தப் புத்தகத்தில் ஆங்கில எழுத்து ஒன்றே ஒன்று கிடையாது. ஒலியையெல்லாம் சீன எழுத்திலேயே எழுதி, வாய்க்கு வந்தபடி உச்சரித்துக்கொள்ள வேண்டியதுதான். முதலில் எண்ணும் வியாபாரமும், அப்புறம் ஆட்கள், அப்புறம் பொதுப் பேச்சு, கடைசியில் சாப்பாட்டுச் சாமான்கள். இப்படிப் பிறந்த ஒரு கலப்படப் பேச்சில் சாப்பாடு 'சௌ-சௌ' ஆயிற்று. நாடகம் 'சிங்-சாங்' ஆயிற்று. இலக்கணம் படித்தவர்கள் சிரிக்கலாம். ஆனால் இரண்டு பக்கத்தாரும் பசியாறி, நாடகமும் பார்த்திருக்கிறார்கள். 1862-ல் டாங் டிங்-ஷு என்பவர் அதே கான்டனில் ஆறு பாகமாக ஓர் ஒழுங்கான ஆங்கிலப் புத்தகம் வெளியிட்டார். ஒழுங்கு வந்த பிறகு வேடிக்கை கொஞ்சம் குறைந்துதான் போயிருக்க வேண்டும்.

இந்த வம்சத்தைச் சேர்ந்த ஒரு புத்தகத்தைப் பிரயோகத்தில் பார்க்கும் பாக்கியம் எனக்குச் சிங்கப்பூரில் கிடைத்தது. என் தங்கை அங்கே குடியிருக்கிறாள். ஒரு வருஷக் கடைசியில் அவள் வீட்டில் ஆறு வாரம் தங்கினேன். அந்த அடுக்குமாடிக் கட்டடங்களில் தரைத் தளத்தில் வீடு கிடையாது. தூண்களும் சில கல் மேஜைகளும்தான். காலையில் நான் அங்கே காற்று வாங்க இறங்கினால், ஒரு சீனக் கிழவர் கையில் பென்சிலோடு ஒரு புத்தகத்தின் முன் உட்கார்ந்து வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பார். மூன்றாம் நாள் புத்தகத்தை என் பக்கம் திருப்பி ஒரு வார்த்தையின் மேல் விரலை வைத்தார். உச்சரித்துக் காட்டினேன். "தேங்க் யூ, தம்பி" என்றார். தமிழில் அவருக்குத் தெரிந்த வார்த்தை அது ஒன்றுதான். நான் பதிலுக்கு அங்கிள் என்று கூப்பிடத் தொடங்கினேன். கல்லூரியில் இரண்டு வருஷம் படித்த என் ஆங்கிலத்துக்கு அந்தப் பிராயத்தில் ஒரு மாணவர் கிடைப்பார் என்று யார் கண்டார்கள்!

வயது எழுபது இருக்கும். வீட்டில் அவர் பேசி வளர்ந்தது தியோச்சூ. பள்ளிக்கூடத்தில் படித்தது மாண்டரின். ஆங்கிலம் ஏதோ ஒரு பாடமாக வந்து போயிற்று. அவர் படித்து முடித்து வெளியே வந்தபோது உத்தியோகம் எல்லாம் ஆங்கிலத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. 1987-க்குள் அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்கள் அத்தனையிலும் ஆங்கிலமே முதல் பாஷையாகிவிட்டது. இதற்கிடையில் 1979-ல் சீனர்களெல்லாம் வீட்டு மொழிகளை விட்டு மாண்டரின் பேச வேண்டும் என்று அரசாங்கமே ஓர் இயக்கம் ஆரம்பித்தது. ரேடியோவிலும் டெலிவிஷனிலும் தியோச்சூவும் ஹொக்கியெனும் மெல்ல மெல்ல அடங்கின. அங்கிள் ஒரு கிடங்கில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வந்த பையன்கள் ஆங்கிலம் தெரிந்ததால் அவருக்கு மேலே போனார்கள். "அவர்கள் லெட்டர் எழுதுவார்கள், நான் மூட்டை எண்ணுவேன்" என்றார். நேற்று மழை பெய்தது என்று சொல்வது போலத்தான் சொன்னார்.

மகன் ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில். பேரனுக்கு ஒன்பது வயது. ஆங்கிலம் தவிர வேறொன்றும் தெரியாது. டிசம்பர் விடுமுறைக்கு வரப்போகிறான். பையனுக்கு மாட்டுக்கறி வாட்டல், அதுதான் ஸ்டேக், என்றால் உயிராம். கடற்கரைப் பக்கத்தில் ஒரு பெரிய ஹோட்டலுக்கு அவனை அழைத்துப் போய், மகனைப் பேசவிடாமல், தாமே ஆர்டர் கொடுத்து, தாமே பணம் கட்டவேண்டும் என்பது அங்கிளின் சங்கல்பம். அதற்காகத்தான் பதினோராம் பாடம்: உணவும் பொழுதுபோக்கும். ஹாங்காங்கில் அச்சான புத்தகம். ஒரு பக்கம் சீனம், ஒரு பக்கம் ஆங்கிலம்.

பொழுதுபோக்குப் பகுதியைச் சீக்கிரம் கடந்துவிட்டோம். சீனத்தில் 'கன்' என்று ஒரு வினை. புத்தகமானாலும் சினிமாவானாலும் நாடகமானாலும் டாக்டரானாலும் எல்லாவற்றையும் அதுவே செய்துவிடும். நாமும் படம் பார்க்கிறோம், டாக்டரைப் பார்க்கிறோம், பேப்பர் பார்க்கிறோம். ஆங்கிலேயனுக்குப் புத்தகத்துக்கு ஒன்று, டெலிவிஷனுக்கு ஒன்று, டாக்டருக்கு ஒன்று என்று தனித்தனியாக வேண்டும். இதைவிட 'வான்' என்ற வார்த்தைதான் அங்கிளுக்குக் கஷ்டமாக இருந்தது. விளையாடுவது என்று அர்த்தம். ஆனால் வயது வந்தவர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்ப் பேசியிருந்துவிட்டு வருவதும் 'வான்'தான். அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லி, "ஞாயிற்றுக்கிழமை நான் என் சிநேகிதரோடு விளையாடப் போகிறேன்" என்று எழுபது வயதுக்காரர் அறிவித்தால் கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

சாப்பாட்டுக்கு வருவோம். ஆங்கிலத்தில் கொட்டிலில் நிற்கும்போது மிருகத்துக்கு ஒரு பெயர், தட்டில் வந்தால் வேறு பெயர். 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு மேய்த்தவன் பேச்சு ஒன்றும் தின்றவன் பேச்சு ஒன்றுமாகப் போனதன் அடையாளம் அது என்பார்கள். சீனர்கள் நம்மைப் போல: மாடு, மாட்டுக்கறி, பன்றி, பன்றிக்கறி. 'யாங்' என்றால் அவர்களுக்கு வெள்ளாடும் செம்மறியும் இரண்டும் அடங்கும், நம் 'ஆடு' மாதிரியே. அங்கிள் பாதி ராத்திரி உட்கார்ந்து இந்தப் பெயர்களை நெட்டுருப் போட்டார்.

ஸ்டேக் எவ்வளவு வேக வேண்டும் என்று ஹோட்டலில் கேட்பார்கள். இதைச் சீனர்கள் கணக்காக வைத்திருக்கிறார்கள்: பத்தில் மூன்று பங்கு வெந்தது, ஐந்து பங்கு, ஏழு பங்கு. குழப்பத்துக்கு இடமே இல்லை. ஆங்கிலத்தில் வேகாததற்கு 'ரேர்'. அதே வார்த்தைக்கு அபூர்வம் என்றும் அர்த்தம். நன்றாக வெந்ததற்கு 'வெல் டன்'. கிடங்கில் மானேஜர் எப்போதாவது முதுகில் தட்டிச் சொல்லும் 'வெல் டன்' இது என்று தெரிந்ததும் அங்கிள் கண்ணில் நீர் வரும்படி சிரித்தார். "அவர் என்னை நன்றாக வேகவைத்தார், தம்பி!" என்றார். விருந்து என்னுடையது என்பதற்குப் புத்தகம் கொடுத்திருந்த வாக்கியம் 'இட் ஈஸ் ஆன் மீ'. எது என் மேல் இருக்கிறது என்று கேட்டார். சீனத்தில் 'விருந்தாளியை அழைக்கிறேன்' என்றாலே பணம் என்னுடையது என்று ஆகிவிடுகிறது, நமக்கும் அப்படித்தானே? அழைத்தவன் கொடுக்காமல் யார் கொடுப்பார்கள்?

உணவு அட்டவணையில் ஒரு வரி வந்தது. சீன எழுத்துக்கு எதிரே ஆங்கிலத்தில் 'காஞ்ஜீ'. அங்கிளுக்கு அது புதிது. சிங்கப்பூர் ஆங்கிலத்தில் அதைப் 'பாரிட்ஜ்' என்பார்கள். ஹாங்காங் ஹோட்டல்களில்தான் காஞ்ஜீ. தியோச்சூக்காரர்கள் அரிசியை மலரக் கொதிக்கவைத்து உப்பிட்ட முட்டையும் மீனும் வைத்துக்கொண்டு சாப்பிடும் சாதனம். "இது கஷ்டமான இங்கிலீஷ்" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அது இங்கிலீஷே இல்லை, அங்கிள், எங்கள் கஞ்சி! மிளகும் சீரகமும் போட்ட கஞ்சித் தண்ணீரைப் பற்றிக் கோவாவில் இருந்த கார்சியா ட ஓர்ட்டா என்ற போர்ச்சுகீசிய வைத்தியர் 1563-லேயே எழுதிவைத்திருக்கிறார். மலையாளிகளுக்கும் அந்த வார்த்தையில் பங்கு உண்டு, சண்டைக்கு வரமாட்டேன். நம் கரையில் ஏறிய வார்த்தை போர்ச்சுகீசியர் வாயிலும் பிறகு வெள்ளைக்காரர் வாயிலுமாகக் கடல் கடந்து, சீனர்களின் சொந்தச் சாப்பாட்டுக்கே ஆங்கிலப் பெயராக உட்கார்ந்துவிட்டது. அவர் வேலை பார்த்த கிடங்கு, அந்த ஊர் ஆங்கிலத்தில் 'கோடவுன்', அதுவும் தெற்கத்தி வார்த்தைதான் என்று அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள். அங்கிள் என்னைச் சற்றுச் சந்தேகமாகத்தான் பார்த்தார். தன் ஊரைப் பற்றிப் பெருமை அடிக்கிறவர்களை எல்லோரும் பார்க்கிற பார்வை. நியாயத்துக்காக நம் கடனையும் ஒப்புவித்தேன்: தேயிலையில் இருக்கும் 'தே' அவர்கள் ஃபூகியன் மாகாணத்துப் பேச்சு, சாயாவும் அவர்களுடையது, வடை பொரிக்கும் சீனச்சட்டியின் பெயரே சொல்கிறது. அதன் பிறகு சமாதானமானார்.

உண்மையான முட்டுக்கட்டை எதில் வந்தது என்றால், மிகச் சின்ன விஷயத்தில். தட்டு வந்ததும் பேரனிடம் என்ன சொல்வது? சீனத்தில் 'மன் மன் ச்சி' என்பார்கள். மெதுவாகச் சாப்பிடு. இலைக்கு முன் உட்கார்ந்த விருந்தாளியிடம் நம் வீட்டுப் பெண்கள், "மெதுவாச் சாப்பிடுங்க, என்ன அவசரம்" என்பார்களே, அட்சரம் பிசகாமல் அதுதான். வேகத்தைப் பற்றிய பேச்சே அல்ல அது. புத்தகம் அதற்கு எதிரே 'என்ஜாய் யுவர் மீல்' என்று போட்டிருந்தது. "இது சிப்பந்தி சொல்வது, தாத்தா சொல்வது இல்லை" என்றார் அங்கிள். அவர் சொன்னது சரி. ஆனால் மெதுவாகச் சாப்பிடு என்று ஆங்கிலத்தில் அப்படியே சொன்னால், அள்ளி விழுங்குகிற குழந்தையை அதட்டுகிற மாதிரி கேட்கும் என்பதையும் சொன்னேன். இரண்டு நாள் யோசித்தோம். 'சாப்பிட்டாச்சா?' என்று அவர்களும் நம்மைப் போலத்தான் நலம் விசாரிக்கிறார்கள். கூட்டமும் சத்தமுமாக இருப்பதை, நாம் கலகலப்பு என்கிறோமே, அவர்கள் 'ர-நாவ்' என்று புகழ்கிறார்கள். இந்த மாதிரி வார்த்தைகள் எங்கள் இருவர் பாஷையிலும் ஏராளமாக இருந்தன. நடுவில் நின்ற ஆங்கிலத்தில்தான் அகப்படவில்லை. புத்தகத்தில் அந்த வரிக்கு நேரே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தார்.

விருந்து நடந்த மறுநாள் காலையில் நான் சீக்கிரமே இறங்கிவிட்டேன். அங்கிள் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார், புத்தகம் இல்லாமல்.

ஆர்டர் எடுக்க வந்த பையன் சீனாவிலிருந்து பிழைக்க வந்தவனாம். அங்கிள் முகத்தைப் பார்த்ததும் மாண்டரினில் ஆரம்பித்துவிட்டான். அங்கிள் விடவில்லை. அவன் மாண்டரினில் கேட்கக் கேட்க இவர் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னார். "பேரன் பார்த்துக்கொண்டிருந்தான், தம்பி." பேரனுக்கு மீடியம், மகனுக்கும் மருமகளுக்கும் மீடியம், தமக்கு வெல் டன். 'இட் ஈஸ் ஆன் மீ' என்பதையும் மகன் பர்ஸை எடுக்கும்போது சரியாகச் சொல்லிவிட்டார்.

"அந்தக் கேள்விக்குறி?" என்று கேட்டேன்.

தட்டு வந்தது. எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். மருமகள் ஒரு தடவை, மகன் ஒரு தடவை. அப்புறம் பையன் கத்தியைக் கையில் எடுத்தபோது அங்கிளுக்கு அவரை அறியாமல் வாயில் வந்துவிட்டது: "ஸ்லோலி, ஸ்லோலி ஈட்."

"ஏன் தாத்தா, சூடாக இருக்கிறதா?" என்று பையன் கேட்டான்.

"ஆமாம் என்றேன். ஆறிப்போயிருந்தது, தம்பி. இருந்தாலும் ஆமாம், ரொம்பச் சூடு என்றேன்."

பையன் ஒவ்வொரு துண்டாக ஊதி ஊதிச் சாப்பிட்டானாம். முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று என்றார்.