மூக்குத்தி

ஜூன் 9
தோட்டத்துக் கோயிலை எடுக்கச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. தோட்டம் கைமாறி வீட்டுமனை ஆகிறது. மாற்று நிலம் உண்டாம். எங்கே என்று எழுதவில்லை. மலாய்க் கடிதத்தை அம்மாவுக்குத் தமிழில் இரண்டு முறை சொன்னேன். அப்புறம் அவர் பேசவில்லை.

ஜூன் 10
இன்றும் பேசவில்லை. சாப்பாடும் அப்படியே இருக்கிறது.

ஜூன் 14
தோட்டத்து லயத்தை விட்டுப் பாரிட் புந்தார் தாமானுக்கு வந்து முப்பது வருடம். ஆனாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மனுக்கு விளக்கேற்ற அம்மாவைக் கொண்டுபோய் விட வேண்டும். எனக்கு அது பெட்ரோல் செலவாகத்தான் தெரிந்தது. எழுதக் கூசுகிறது.

ஜூன் 22
வெளியே போனால் தேறுவார் என்று மெர்போக் அழைத்துப் போனேன். கெரியான் ஆற்றைத் தாண்டினாலே கெடாதான், 1025-இல் ராஜேந்திர சோழன் படை அனுப்பிய கடாரம். மெர்போக் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்குக்கோ சுங்கைப் பட்டாணி வரை போய்த் திரும்ப வேண்டும்.

அங்கே பழங்கோயில் இருக்கும் இடம் புக்கிட் பத்து பகாட். செதுக்கிய கல் குன்று என்று பொருள். சிற்பங்களை எதிர்பார்த்துப் போனவனுக்கு ஏமாற்றம்தான். ஒரு சிலை இல்லை. கருங்கல் அடுக்கு, மண்டபத் தரை, மரத்தூண்கள் நின்ற கல் பாதங்கள். தூண்கள் எப்போதோ மக்கிப்போயின. 1936-37-இல் தொல்லியல் ஆய்வாளர் குவாரிட்ச் வேல்ஸ் தோண்டிய இடம். 1960 வாக்கில் கற்களை எடுத்து நிறுத்தினார்கள். பக்கத்தில் வேறு ஊர்களிலிருந்து பெயர்த்து வந்து அடுக்கிய சண்டிகளும் உண்டு. பழங்கோயிலை இங்கே சண்டி என்பார்கள். 2013-இல் சுங்கை பத்துவில் மண்வாரி இயந்திரம் தரைமட்டமாக்கிய சண்டிக்கு அந்த யோகமும் இல்லை.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினார்.

"இங்க விளக்கு ஏத்துறதில்லையாய்யா?"

"இல்லம்மா. மியூசியம்தான் பாத்துக்குது."

கருவறைக்கு அடியில் கல் பேழைகள் கிடைத்த கதையைச் சொன்னேன்.

"உள்ள பொன்னு இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

"யாரு போட்டதுன்னு எழுதியிருக்கா?"

எழுதவில்லை என்றேன்.

திரும்பும்போது, டோல் தாண்டி, தானாகப் பேச ஆரம்பித்தார். தோட்டத்துக் கோயிலின் 1978 கும்பாபிஷேகத்தில் யந்திரம் வைக்கும் குழியில் ஆளாளுக்குக் காசு போட்டார்களாம். அம்மாவிடம் காசில்லை. மூக்குத்தியைக் கழற்றிப் போட்டுவிட்டார். அப்பாவிடம் ரப்பர்ப் பால் வெட்டுகையில் விழுந்துவிட்டது என்றாராம். அப்பா ஒரு வாரம் நிரை நிரையாகத் தேடியிருக்கிறார்.

"கடைசி வரைக்கும் சொல்லலைய்யா."

ஜூன் 23
இரண்டு தோசை சாப்பிட்டார்.

ஜூலை 17
ஆடி பிறந்தது. இந்த வருடம் திருவிழா இல்லை. கூட்டத்தில் மூலவர், உற்சவர், மணி, சூலம் என்று கொண்டுபோக வேண்டியதற்குப் பட்டியல் போட்டார்கள். பீடத்துக்கு அடியில் இருப்பதை என்ன செய்வது என்று கேட்டேன்.

"நாப்பத்தஞ்சு வருச மண்ண யார் சார் சலிக்கிறது?" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். போன மாதமாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

ஆகஸ்ட் 2
பொடிக் கண்ணி வைத்த சல்லடை ஒன்று வாங்கிக் காரில் போட்டிருக்கிறேன். பீடம் பெயர்க்கும் தேதியை இன்னும் சொல்லவில்லை.